பி-17 மூக்கு ஓவியத்தை அலுமினியத் தகட்டில் 1943 முறைப்படி வரைவது எப்படி?

#1 · விண்தச்சன்

வணக்கம் நண்பர்களே. மூன்றடிக்கு நான்கடி, 1 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு ஒன்றில் இரண்டாம் உலகப் போர்க்கால மூக்கு ஓவியத்தை, அதாவது போர் விமானத்தின் முன்பக்கத்தில் வரைந்த படத்தை, மறுபடி வரைய வேண்டும். எடுத்துக்கொண்டது 'மெம்ஃபிஸ் பெல்' என்ற அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தின் ஓவியம். பளபளக்கும் உலோகத்தின் மேலேயே நேராக வரைவதாகத் திட்டம். என் கேள்விகள்:

அந்தக் காலத்தில் என்ன பெயிண்ட் பயன்படுத்தினார்கள், இன்று கடையில் அதற்கு நெருக்கமாக எது கிடைக்கும்? பத்திரிகைப் படத்தை விமானத்தின் அளவுக்கு எப்படிப் பெரிதாக்கினார்கள்? அந்தப் பெண்ணின் நீச்சலுடை சில படங்களில் நீலமாகவும் சிலவற்றில் சிவப்பாகவும் இருக்கிறது, எது சரி? கடைசியில் வார்னிஷ் அடிக்கலாமா?

#2 · ரிவெட்டு

நிறக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இரண்டும் சரிதான். ஓவியம் மூக்கின் இரு பக்கமும் இருந்தது. இடப்பக்கப் பெண்ணுக்கு நீல உடை, வலப்பக்கப் பெண்ணுக்குச் சிவப்பு. எந்தப் பக்கத்தை வரையப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் உடை நிறமும் முடிவாகிவிடும்.

மூல உருவம் ஜார்ஜ் பெட்டி வரைந்து 'எஸ்குவயர்' இதழின் 1941 ஏப்ரல் பிரதியில் வந்தது. அதை விமானத்தில் ஏற்றியவர் டோனி ஸ்டார்சர். இங்கிலாந்தின் பாஸிங்போர்னில் இருந்த 91ஆவது குண்டுவீச்சுக் குழுவின் தரைப்பணியாளர். அந்தக் குழுவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களில் வரைந்தவர். பெயர், விமானி ராபர்ட் மார்கனின் காதலியான மெம்ஃபிஸ் நகரத்து மார்கரெட் போல்க்கைக் குறிப்பது.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் தகட்டில் இருக்கிறது. பெல் பி-17எஃப் வகை, எண் 41-24485. 25ஆவது பயணத்தை 1943 மே மாதம் முடித்தது. அமெரிக்க விமானப்படை உருமறைப்புப் பூச்சைக் கைவிட்டு விமானங்களை வெறும் உலோகத்தோடு அனுப்பத் தொடங்கியது 1944 தொடக்கத்தில்தான். ஆகவே பெல்லின் ஓவியம் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இருந்ததே இல்லை. மேலே ஆலிவ் டிராப் என்ற பழுப்புப் பச்சை, வயிற்றுப் பக்கம் சாம்பல், அதன் மேல்தான் பெண். வெறும் உலோகம்தான் வேண்டும் என்றால் 1944 அல்லது 45ஐச் சேர்ந்த வேறு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு தளத்தைத் தீர்மானிக்கிறது, தளம் பெயிண்டைத் தீர்மானிக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன திறமையோடு வரைந்தாலும் தப்பாகத்தான் தெரியும்.

#3 · தூரிகைக்காரன்

ரிவெட்டு அண்ணன் சொன்னதை அப்படியே ஏத்துக்கிட்டு, வேலை விஷயத்துக்கு வர்றேன்.

அந்தக் காலத்துல "மூக்கு ஓவியப் பெயிண்ட்"னு தனியா எதுவும் கிடையாது. கைக்குக் கிடைச்சதுதான். குறியீடுகள் போட வெச்சிருந்த எனாமல், போர்டு எழுதுறவங்க பெயிண்ட், ஓவியர்களோட டியூப் ஆயில் கலர், சில இடத்துல வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட். இன்னைக்கு அதுக்குப் பக்கத்துல வர்றது நம்ம ஊர் சிந்தெடிக் எனாமல். அக்ரிலிக் வேண்டாம். தண்ணியில கரையுற அக்ரிலிக் பெயிண்ட் 1950களுக்குப் பிறகுதான் வந்துச்சு, அது காயுற விதமும் பிரஷ் தடமும் வேற மாதிரி இருக்கும்.

தகடு தயார் பண்றது: சோப்புத் தண்ணியில கழுவி நல்லாக் காயவிடுங்க. டர்பன்டைன் நனைச்ச துணியால துடைங்க, துணி அழுக்கில்லாம வர்ற வரைக்கும். அப்புறம் 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணி தொட்டு, வட்டமாத் தேய்ங்க. பளபளப்பு போய் மங்கலா வந்தா போதும். மறுபடி துடைச்சதுக்கு அப்புறம் வெறும் கை படக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்துல ஆறு மாசம் கழிச்சு பெயிண்ட் உரியும்.

பிரைமர்லதான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க. கடையில கேட்டா ரெட் ஆக்ஸைடைத் தூக்கிக் குடுப்பாங்க. அது இரும்புக்கானது. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிக்கிறது) இல்லேன்னா ஜிங்க் குரோமேட். போர்க்கால விமானங்கள்ல இருந்தது அந்த மஞ்சள் பச்சை ஜிங்க் குரோமேட்தான். ஆனா குரோமேட் நஞ்சு. ஸ்ப்ரே பண்ணாதீங்க, காஞ்சதை உப்புத்தாள் போட்டு உலர்வாத் தேய்க்காதீங்க, கையுறையும் நல்ல மாஸ்க்கும் இல்லாம தொடாதீங்க. முன்பக்கத்துக்கு எட்ச் பிரைமரே போதும், அது எப்படியும் மறைஞ்சுடப் போகுது.

அளவு: உங்க தகடு 12 சதுர அடி, அதாவது 1.1 சதுர மீட்டர். பிரைமர் 150 மி.லி., ஆலிவ் டிராப் ரெண்டு கோட்டுக்கு 250 மி.லி., உருவத்துக்கு வெள்ளை 100 மி.லி., மத்த நிறம் ஒவ்வொண்ணும் 50 மி.லி. இதுக்கு மேல வாங்குனா மிச்சம்தான்.

ஆலிவ் டிராப் கலக்குறதுக்குப் பச்சை தேவையே இல்ல. மஞ்சள் காவி நிற எனாமல் ஆறு பங்கு எடுத்து, கருப்பைத் துளித்துளியாச் சேருங்க. ஒரு பங்கு முழுசாப் போறதுக்குள்ள அந்தப் பழுப்புப் பச்சை தானா எழும்பி வரும். முழு மேட்டா இருக்கணும், மேட் எனாமல்ல ஆரம்பிங்க.

இன்னொண்ணு. எனாமல் மேல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் எந்தக் காரணத்துக்கும் அடிக்கக்கூடாது. என்.சி. தின்னர் அடியில இருக்கிற எனாமலைத் தின்னு, தோல் சுருங்கி எழும்பிடும். லேக்கர் மேல எனாமல் போகும், எனாமல் மேல லேக்கர் போகாது.

#4 · கோட்டோவியம்

படத்தைப் பெரிதாக்குவது பற்றி.

பழக்கமான வழி கட்டம் போடுவது. பத்திரிகைப் படத்தில் அரை அங்குலக் கட்டங்கள், விமானத்தில் சாக்பீஸால் ஆறு அங்குலக் கட்டங்கள் என்றால் உருவம் 12 மடங்கு பெரிதாகும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து வரைய வேண்டும். முழு உருவத்தைப் பார்த்து வரையத் தொடங்கினால் கை தன் பழக்கத்துக்குப் போய்விடும், முகம் மாறிவிடும்.

இரண்டாவது, போர்டு எழுதுபவர்களின் வழி. முழு அளவில் காகிதத்தில் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசித் துளை போட்டு, தகட்டில் ஒட்டி, துணிப் பொட்டலத்தில் கட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டுவது. துளையிட்ட கோல அச்சில் மாவு தட்டுவதேதான். ஒரே உருவத்தை இரு பக்கமும் வரைய வேண்டுமென்றால் காகிதத்தைத் திருப்பிப் போட்டால் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும். ஆலிவ் டிராப் தளத்தில் வெள்ளைப் பொடி, வெறும் உலோகத்தில் கரிப்பொடி.

தட்டைத் தகட்டில் வரைபவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. பி-17இன் மூக்கு உருண்டை. மேல்பாதி பின்னால் சாய்ந்து போவதால், தரையில் நின்று பார்ப்பவருக்குத் தலை சுருங்கியும் கால் பெருத்தும் தெரியும். ஏணியில் நின்று கிட்டத்தில் வரையும்போது இது தெரியாது. அடிக்கடி இறங்கி இருபது அடி பின்னால் போய்ப் பார்ப்பது ஒன்றுதான் வழி. இன்னொரு குண்டுவீச்சு விமானமான பி-24இன் மூக்குப் பக்கம் சுவர் போலத் தட்டையாகவும் உயரமாகவும் இருக்கும். பசிபிக் பகுதியின் மிகப் பெரிய ஓவியங்கள் பி-24களில் வந்ததற்கு அந்தத் தட்டைச் சுவர் ஒரு காரணம். 43ஆவது குண்டுவீச்சுக் குழுவில் சார்கிஸ் பார்ட்டிகியன் வரைந்த 'டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்' என்ற பறவை நாகத்தின் வால், மூக்கில் தொடங்கி உடலின் கடைசி வரை ஓடும். உருண்டை மூக்கில் அப்படி ஒன்றை யோசித்திருக்கவே முடியாது.

#5 · நீலத்தகடு

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கருப்பு வெள்ளைப் படங்களிலிருந்து நிறம் கண்டுபிடிப்பதைப் பற்றி எழுதுகிறேன். அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு உதடும் சிவப்பு உடையும் அதில் கிட்டத்தட்டக் கருப்பாக விழும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலம் வெளிறிப்போகும். பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும், அதில் சிவப்பு நடுத்தரச் சாம்பல். ஒரே விமானத்தின் இரண்டு படங்களில் உடை ஒன்றில் கருப்பாகவும் மற்றொன்றில் சாம்பலாகவும் இருந்தால், மறுபடி பெயிண்ட் அடித்தார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபிலிம் மாறியிருக்கலாம்.

எது எந்த ஃபிலிம் என்று எப்படித் தெரியும்? அதே படத்துக்குள் நிறம் தெரிந்த பொருள் ஒன்றைத் தேடுங்கள். பிரிட்டிஷ் விமானமென்றால் வட்டச் சின்னத்தின் வெளி வளையம் மஞ்சள். அது கருத்துப் போயிருந்தால் ஆர்த்தோ. அமெரிக்க விமானமென்றால் சின்னத்தின் நீலம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பாருங்கள்.

அதே சின்னம் தேதியும் சொல்லும். நட்சத்திரத்தின் நடுவே சிவப்புப் பொட்டு இருந்தால் 1942 மே மாதத்துக்கு முந்தையது. பக்கப் பட்டைகளும் சிவப்பு விளிம்பும் சேர்ந்திருந்தால் 1943 ஜூன் கடைசியில் வந்த ஆணைக்குப் பிந்தையது. அந்தச் சிவப்பு விளிம்பு ஆகஸ்டிலேயே நீலமாக மாற்றப்பட்டது. பெல்லுக்குப் பட்டையில்லாத வட்டச் சின்னம்தான் பொருந்தும்.

பெல்லைப் பொறுத்தவரை நமக்கு ஊகமே தேவையில்லை. திரைப்பட இயக்குநர் வில்லியம் வைலரின் குழு 1943இல் 16 மி.மீ. கோடக்ரோம் வண்ணச் சுருளில் அதைப் படமெடுத்திருக்கிறது.

#6 · சுறாப்பல்

மூக்கு ஓவியம் என்றாலே பெண் உருவம் என்று இழை போகிறது. அதற்கு முன்னாலிருந்தே இன்னொரு மரபு உண்டு. முதல் உலகப் போரில் இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பரக்கா தன் விமானத்தில் பாயும் குதிரை வரைந்திருந்தார். பின்னாளில் ஃபெராரி கார்களில் ஏறியது அதே குதிரைதான்.

சுறா வாயின் பயணமும் இப்படி நாடு தாண்டியதே. 1940இல் ஜெர்மனியின் இசட்.ஜி. 76 படைப்பிரிவின் இரண்டாம் குழு மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானங்களில் இதை வரைந்தது. 1941இல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் 112ஆவது ஸ்குவாட்ரன் டோமஹாக் விமானங்களில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பர்மாவில் டவுங்கூவில் பயிற்சியிலிருந்த அமெரிக்கத் தன்னார்வப் படை, பத்திரிகையில் வந்த சுறா வாய்ப் படத்தைப் பார்த்துத் தங்கள் பி-40 போர் விமானங்களிலும் வரைந்தது. ஒரு ஸ்குவாட்ரனுக்கு மட்டும் கேட்டதை, தளபதி ஷெனால்ட் முழுப் படைக்குமான அடையாளமாக்கினார். 'பறக்கும் புலிகள்' என்று உலகம் அறிந்தது அவர்களைத்தான். பெயர் புலி, வாய் சுறா.

வரைபவர்களுக்கு: பி-40இன் தாடையில் ரேடியேட்டருக்கான பெரிய காற்று வாய் இருக்கிறது. அந்தத் திறப்பின் விளிம்பையே மேலுதடு, கீழுதடாக எடுத்துக்கொண்டார்கள். சாக்பீஸால் ஒவ்வொரு விமானத்திலும் கையால் கோடு போட்டதால் பல்லின் எண்ணிக்கை, கண்ணின் வடிவம் எதுவும் ஒன்றுபோல இருக்காது. ஒரே டெக்கல் தாளை (மாடலில் ஒட்டும் அச்சிட்ட படத்தாள்) வைத்துக்கொண்டு மூன்று விமானம் செய்தால் மூன்றும் பொய்.

#7 · ரிவெட்டு

சுறாப்பல் சொன்னதோடு சிறு அடையாளங்களையும் சேர்க்க வேண்டும். பெண் உருவத்தைச் சரியாக வரைந்துவிட்டு, பக்கத்தில் குண்டுக் குறிகளை எண்ணாமல் போடுபவர்கள் உண்டு. ஒரு குண்டு ஒரு பயணம். தகரம் அல்லது அட்டையில் வெட்டிய ஸ்டென்சில் வைத்து அடித்ததால் அவை ஒரே அளவு, ஆனால் வரிசை சற்றே கோணும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் அடித்தது. முழு வரிசையையும் அளவுகோல் வைத்து ஒரே நாளில் அடித்தால் அந்த உயிர் போய்விடும்.

பிரிட்டிஷ் லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இத்தாலிக்குப் போன பயணத்துக்கு ஐஸ்கிரீம் கோன். இந்தியாவிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன பயணத்துக்கு ஒட்டகம். கரக்பூர், சக்குலியா பக்கமிருந்து பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களின் மூக்கில் குண்டுகளோடு ஒட்டக வரிசையும் இருப்பது அதனால்தான்.

எழுத்து மட்டுமே ஓவியமாவதும் உண்டு. லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் லாங்காஸ்டர் ஆர்5868இன் மூக்கில், எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் எல்லைக்குள் பறக்காது என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் சொன்ன வாக்கியத்தை எழுதி, அதன் மேலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பயணக் குறிகளை வரிசையாக அடித்திருக்கிறார்கள். எந்தப் பெண் உருவத்தையும்விட எனக்கு அது வலிமையாகப் படுகிறது.

#8 · ஒட்டுமாதிரி

வார்னிஷ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து, மேட் கிளியர் (மினுங்காத, நிறமற்ற வார்னிஷ்) ஒரு கோட் கட்டாயம் அடிக்க வேண்டும். எனாமல் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் வெளுக்கும்.

#9 · தூரிகைக்காரன்

இதுல உடன்பட முடியல நண்பரே. மேட் தளத்து மேல ஓவியம் மட்டும் லேசா மினுங்கும், அந்த வித்தியாசம்தான் அசல் படங்கள்ல தெரியுது. மேல ஒரே கிளியர் போட்டீங்கன்னா ரெண்டும் ஒண்ணாகி, அச்சடிச்ச ஸ்டிக்கர் மாதிரி ஆயிடும். வீட்டுக்குள்ள, வெயில் படாத சுவர்ல மாட்டப்போறதுன்னா கிளியரே வேண்டாம்.

வெளியில வைக்கிறதா இருந்தா ஒட்டுமாதிரி சொல்றது சரி. ஆனா எனாமல் தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே முழுசா இறுக நாலு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி கிளியர் போட்டா மேல் தோல் முதல்ல இறுகி, அடியில இருக்கிறது அசைஞ்சு, வெடிப்பு விழும். அதுவும் எனாமலுக்கு ஒத்துப்போற கிளியரான்னு ஓரமா ஒரு துண்டுல பார்த்துட்டு அடிங்க.

உருவம் வரையுறதப் பத்தியும் சொல்லிடறேன். ஆலிவ் டிராப் மேல நேரா மஞ்சளோ தோல் நிறமோ போட்டா பச்சை அடிக்கும். உருவம் முழுசுக்கும் முதல்ல வெள்ளையில ஒரு கோட், ஒரு நாள் காயவிட்டு மேல நிறம். தோல் நிறத்துக்கு வெள்ளையில கொஞ்சம் மஞ்சள் காவி, ஊசி முனை அளவு சிவப்பு. நிழலுக்குக் கருப்பைச் சேர்க்காதீங்க, சாம்பல் பூத்த பிணம் மாதிரி ஆயிடும். பழுப்புக் காவி சேருங்க. எல்லா நிறமும் முடிஞ்ச பிறகு கடைசியா வெளிக்கோடு.

#10 · நீலத்தகடு

மாதிரிப் படம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. இன்று அருங்காட்சியகத்திலோ விமானக் கண்காட்சியிலோ நிற்கும் விமானத்தின் ஓவியத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல உதாரணம் ஒன்று இந்தியா வழியாகப் போனது. போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த பி-24 லிபரேட்டர்களில் 40க்கும் மேற்பட்டவற்றை எச்.ஏ.எல். விமான நிறுவனம் சீரமைத்து, 1948 முதல் இந்திய விமானப்படை 1968 வரை பறந்தது. உலகின் பல அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் அங்கிருந்து போனவையே. அவற்றில் ஒன்றான 44-44052 அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் போய் 1989இல் மறுபடி பறந்தது. முதலில் 'ஆல் அமெரிக்கன்', 1998இல் 'டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்', 2005இல் 'விட்ச்கிராஃப்ட்' என மூன்று வேறு விமானங்களின் ஓவியங்கள் அதன் மேல் ஏறின. போரில் அந்த உடல் பிரிட்டிஷ் படையில் இருந்தது. அந்த ஓவியங்கள் எதுவும் அதனுடையவை அல்ல.

தேதித் தவறுக்கு இன்னொரு உதாரணம் 'பாக்ஸ்கார்' என்ற பி-29. நாகசாகியில் அணுகுண்டு போட்ட 1945 ஆகஸ்ட் 9 அன்று அதன் மூக்கில் படமே இல்லை. ரயில் பெட்டி ஓவியம் பிறகு வரைந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட 'எனோலா கே'யில் இருந்தது விமானி டிபெட்ஸின் தாயார் பெயர் மட்டும், அதுவும் ஹிரோஷிமாவுக்கு முந்தைய நாள் எழுதியது. நாகசாகிப் பயணத்து பாக்ஸ்கார் என்று சொல்லி ரயில் ஓவியத்தோடு மாடல் செய்து வைப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்க முடிகிறது. டெக்கல் தாளில் இருக்கிறது என்பதற்காக ஒட்டிவிட வேண்டாம்.

#11 · ஒட்டுமாதிரி

கிளியர் விஷயத்தில் தூரிகைக்காரன் சொன்னதை ஏற்கிறேன், வீட்டுக்குள் என்றால் தேவையில்லை.

அசல் துண்டுகள் எங்கே இருக்கின்றன? இணையத்தில் "அசல் மூக்கு ஓவியத் தகடு" என்று விற்கிறார்களே, அதை எப்படி நம்புவது?

#12 · ரிவெட்டு

மிகக் குறைவாகவே தப்பின. அரிசோனாவின் கிங்மனில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களைக் குவித்து உருக்கிக் கட்டியாக்கினார்கள். டிராகன் ஓவியம் இருந்த அசல் பி-24உம் அங்கேதான் போனது. ஆர்கன்சாஸின் வால்நட் ரிட்ஜில், உடைக்கும் நிறுவனத்தின் மேலாளர் மைனாட் பிராட் சில ஓவியங்களைக் கோடரியால் வெட்டி எடுக்கச் செய்தார். அந்த 33 தகடுகள் இன்று டெக்ஸாஸில் கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் என்ற பழைய விமானப் பாதுகாப்பு அமைப்பின் சேகரிப்பில் இருக்கின்றன. யார்க்‌ஷயரில் உடைபடக் காத்திருந்த ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து ஹரால்ட் லிண்ட்சே என்ற கனடிய அதிகாரி 1945இல் காப்பாற்றியவை ஆட்டவாவின் போர் அருங்காட்சியகத்தில். 128 பயணம் போன ஹாலிஃபாக்ஸ் 'ஃபிரைடே த தர்ட்டீன்த்'தின் மூக்குத் தகடு ஹெண்டனில்.

விற்பனைக்கு வருவதைப் பார்க்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். உண்மையான தகட்டின் பின்னால் விலாச் சட்டங்களோ அவற்றை வெட்டிய தடமோ இருக்கும். ரிவெட்டுகள் இருபுறமும் அடித்து நசுக்கியவை. பின்னால் குழாய் போல நீட்டிக்கொண்டு, தலையின் நடுவில் துளை இருந்தால் அது இன்றைய பாப் ரிவெட்டு. தகட்டின் அச்சு முத்திரையையும் படியுங்கள். போர்க்காலத்தில் அந்தக் கலவைக்குப் பெயர் 24எஸ்-டி. 2024 என்ற நான்கு இலக்கப் பெயர் 1954இல்தான் வந்தது. "2024-டி3" என்று முத்திரை உள்ள தகட்டில் 1944இன் ஓவியம் இருக்க வழியில்லை. வெடிப்பையும் பாருங்கள். அசலில் ரிவெட்டைச் சுற்றியும் தகடு மடங்கிய இடத்திலும் அதிகமாக, மற்ற இடத்தில் குறைவாக இருக்கும். எங்கும் ஒரே சீரான வெடிப்பு, வெடிக்க வைக்கும் மருந்தால் வந்தது.

#13 · விண்தச்சன்

எல்லோருக்கும் நன்றி. திட்டம் மாறிவிட்டது: பெல்லின் இடப்பக்கம், நீல உடை, ஆலிவ் டிராப் தளம், எட்ச் பிரைமர், எனாமல், கிளியர் கிடையாது. ரிவெட்டுத் தலைகளைத் தகட்டில் முதலிலேயே அடித்துவிட்டு வரையப் போகிறேன். பெயர் எழுத்துகள் ரிவெட்டு வரிசையின் மேல் போகின்றன. அங்கே கோடு நேராக நிற்க என்ன செய்வது?

#14 · கோட்டோவியம்

மாஸ்கிங் டேப் வேண்டாம். ரிவெட்டுத் தலையைச் சுற்றி டேப் படியாது, அடியில் பெயிண்ட் ஊறிப் பரவும். எழுத்தின் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துத் தட்டி நூல் அடியுங்கள். நீள மயிர் லெட்டரிங் பிரஷ், பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாக. ரிவெட்டுக்கு வந்ததும் அதன் மேலேறி இறங்க வேண்டாம். இடமிருந்து அதன் விளிம்பு வரை ஒரு இழுப்பு, வலமிருந்து விளிம்பு வரை ஒரு இழுப்பு, கடைசியில் தலையின் மேல் ஒரு தொடல். உடனே உலர்ந்த பிரஷ்ஷால் அடிவிளிம்பில் தேங்கியதை உறிஞ்சி எடுங்கள். அதை விட்டால் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு ரிவெட்டிலிருந்தும் ஒரு கண்ணீர்க் கோடு வடியும். முடிந்தால் தகட்டைப் படுக்க வைத்தே எழுத்தை முடித்துவிட்டு, மறுநாள் நிமிர்த்துங்கள்.